இறந்துபோன அப்பாவின் நம்பர், வாசலில் நிற்கும் சிலிண்டர்

#1 வடவாற்றங்கரையான்

வணக்கம் மக்களே. நீளமான புலம்பல், கடைசியில் கேள்வியும் இருக்கு. பொறுத்துக்குங்க.

அப்பா போய் ஏழு மாசம் ஆச்சு. மன்னார்குடி பக்கம் கிராமம். அம்மா அங்க தனியா இருக்காங்க, நான் சென்னையில. அப்பா வெச்சிருந்தது பட்டன் போன். பேசுறது, ராத்திரி டார்ச், காலையில காரைக்கால் பண்பலை 100.3, அவ்வளவுதான் அதுக்கு வேலை. இன்னொண்ணும் உண்டு: மோட்டார் கொட்டகையில இருக்குற ஆளுக்கு மிஸ்டு கால். ஒரு ரிங்குல கட் பண்ணா "த்ரீ பேஸ் கரண்ட் வந்துடுச்சு, மோட்டாரைப் போடு". ரெண்டு ரிங்னா "போதும், நிறுத்து". பத்து வருஷம் நடந்த அந்தப் பேச்சுவார்த்தைக்கு ஒரு பைசா செலவில்லை.

போன வியாழக்கிழமை சிலிண்டர் வந்திருக்கு. கொண்டாந்த தம்பி "மெசேஜ்ல நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா"ன்னு கேட்டிருக்கார். இணைப்பு அப்பா பேர்ல, நம்பரும் அப்பாவோடது. அம்மா அலமாரியில இருந்து போனை எடுத்துப் பார்த்தா ஒண்ணும் வரலை. எனக்கு அடிச்சாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, ரீசார்ஜ் முடிஞ்சு எத்தனையோ நாளாச்சு, இன்கமிங்கே நின்னு போயிருக்கு. அப்பா போனதுல இருந்து அந்த நம்பருக்கு யாரு கூப்பிடுறா? கால் வரலைங்கறதை யாரும் கவனிக்கவே இல்லை.

இங்கிருந்து அவசரமா ரீசார்ஜ் போட்டேன். ஏறக்குறைய இருநூறு ரூபாய், அதுல டேட்டா வேற. நெட்டே இல்லாத போனுக்கு டேட்டா! அதுக்கப்புறமும் மெசேஜ் வரலை, ஏன்னா வீட்டுக்குள்ள டவர் கிடையாது. கொல்லையில மாட்டுக்கொட்டகையோட வடக்கு மூலையில நின்னா ரெண்டு கட்டை வரும். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, இன்னொரு தடவை அனுப்பச் சொல்லிட்டு, அம்மா கொட்டகைக்குப் போயி, எழுத்து சின்னதா இருக்குன்னு திரும்பி வந்து கண்ணாடி எடுத்துட்டுப் போயி, படிச்சுச் சொல்ற வரைக்கும் தோள்ல சிலிண்டரோடவே நின்னாராம்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து, அந்த ஒரு நம்பர்ல என்னென்ன கட்டிக் கிடக்குன்னு எழுதினேன். கேஸ், ஈபி, ரேஷன் கார்டு, கூட்டுறவு சங்கம், அப்பா பேங்க் கணக்கு. அதெல்லாம் சரி. அம்மாவோட பேங்க் கணக்கும் அதே நம்பர். அம்மாவோட ஆதாரும் அதே நம்பர். மகளிர் உரிமைத்தொகை ஏறினா அப்பா போன்தான் கத்தும். அம்மா ரேஷன் கடையில அரிசி வாங்கினா, வாங்கின கணக்கு அலமாரியில இருக்குற அப்பாவுக்குப் போகும்.

கேள்வி: இந்த சிம்மைக் குறைஞ்ச செலவுல உயிரோட வெக்க வழி என்ன? பழைய பெரிய சிம் அது, என் போன்ல போட முடியுமா? இல்லை, எல்லாத்தையும் மாத்தித்தான் ஆகணும்னா எதுல ஆரம்பிக்கிறது?

#2 சும்மாஇருப்பவன்

அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் குடுத்துட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பதிவு?

#3 வடவாற்றங்கரையான்

வாங்கிக் குடுத்தேன் அண்ணே. பிரிட்ஜ் மேல துணி போர்த்தி வெச்சிருக்காங்க. கால் வந்தா பச்சையை மேல தள்ளணுமா பக்கத்துல தள்ளணுமான்னு யோசிக்கிறதுக்குள்ள கட்டாயிடுது. சாணி தட்டின கையை எவ்வளவு கழுவினாலும் விரல் ரேகை எடுக்க மாட்டேங்குது. இத்தனைக்கும் டச் போன் வந்தா மட்டும் நம்பர் பிரச்சினை தீருமா?

#4 சால்டரிங்சாமி

காந்திபுரத்துல சர்வீஸ் கடை வெச்சிருக்கேனுங்க, பதினெட்டு வருசமாச்சு. சிம் விசயம் மட்டும் நான் சொல்லிப்போடறேன்.

கட்டர்ல அமுக்கி நானோ சைஸுக்கு வெட்டலாம், நானே ஆயிரக்கணக்குல வெட்டியிருக்கேன். ஆனா பழைய சிம்முன்னா வேண்டாமுங்க. அந்தக் காலத்துச் சில சிம்முல பொன்நிறத் தகடு பெருசா இருக்கும். நானோ அளவுக்கு வெட்டுனா தகட்டு மேலயே கத்தி விழுகும். அதுவுமில்லாம பழசு 0.76 மில்லிமீட்டர் கனம், நானோ 0.67. வெட்டுனதை முதுகுப்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம உள்ள தள்ளுனீங்கன்னா ட்ரேயே சிக்கிக்கும். அப்பறம் சிம்மும் போச்சு, உங்க போனும் என்ற டேபிளுக்கு வந்துரும்.

இன்னொண்ணு, அந்த பட்டன் போன் பேட்டரியைக் கழட்டி மேசை மேல வெச்சு ஒரு சுத்து சுத்தி உடுங்க. பம்பரமாட்ட சுத்துச்சுன்னா நடுவால உப்பியிருக்குன்னு அர்த்தம், அன்னைக்கே தூக்கிப் போட்டுருங்க. நல்ல பேட்டரி சுத்தாது, மேசையோட ஒட்டி நின்னுரும். 2007ல பி.எல்-5சி பேட்டரியில ஒரு பகுதி சூடாகுதுன்னு நோக்கியாவே 4.6 கோடி பேட்டரியை மாத்தித் தர்றதாச் சொன்னப்ப, ஊர்ல பாதிப்பேரு இந்தச் சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் கடைக்கே வந்தாங்க.

#5 கவுண்டர்_மூன்று

வங்கியில் வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் போனுக்கு வரும் ஓடிபியை வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்று ஒரு நினைப்பு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். எங்கள் கிளையில் வாரம் ஒரு குடும்பமாவது இந்தச் சிக்கலோடு வருகிறது. இறந்தவர் கணக்கை அவர் நம்பரை வைத்து நாம் இயக்குவது தவறு. பின்னால் அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று வரும்போது ஒவ்வொரு பரிமாற்றமும் தேதியோடு வெளியே வரும்.

அப்பாவின் கணக்கு அப்பா அம்மா இருவர் பேரிலும், "யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் இருந்தால் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அப்பா பெயரை எடுத்துவிடலாம், கணக்கு ஓடும். தனிக் கணக்கென்றால் நாமினி யார் என்று பாருங்கள். நாமினி இருந்தால் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை, படிவம், இவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் அலைய வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

அம்மா கணக்கில் நம்பரை மாற்ற அம்மா பாஸ்புக்கோடு நேரில் வந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அதை முதலில் செய்யுங்கள்.

#6 வைகைக்கரை

பேங்க் மேடம் சொன்னது சரி. எனக்கு வேற வயித்தெரிச்சல். ரீசார்ஜுக்கு 28 நாள்னு ஒரு மாசத்தை எவன்டா கண்டுபிடிச்சது? பால்காரர், கேபிள்காரர், வாடகை, சீட்டு எல்லாம் ஒண்ணாந்தேதிக்கு நிக்குது. இது மட்டும் ஒவ்வொரு மாசமும் ரெண்டு நாள், மூணு நாள் முன்னாடி ஓடி வந்து நிக்கும். 28ஐ 13ஆல பெருக்கிப் பாருங்க, 364. வருஷத்துக்குப் பன்னெண்டு மாச சம்பளம் வாங்கிட்டுப் பதிமூணு ரீசார்ஜ் போடுறோம். 2022ல டிராய் (போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துற அரசு ஆணையம்) சொன்னதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒண்ணாவது வெச்சாகணும்னு வந்துச்சு. இருக்கும், ஆனா ஆப்பைத் திறந்ததும் கண்ணுல படுற மாதிரியா இருக்கு? உரலுக்குள்ள ஒளிச்சு வெச்ச மாதிரி.

வடவாற்றங்கரையான் தம்பி, உங்களுக்கு வேண்டியது டேட்டா இல்லாத பேக். பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் குடுத்தாகணும்னு 2024 டிசம்பர்ல டிராய் விதியைத் திருத்துச்சு, 365 நாள் வரைக்கும் குடுக்கலாம்னும் சேர்த்துச் சொன்னாங்க. அதுக்கப்புறம் வந்திருக்கு. கடையில "பட்டன் போனுக்கு, நெட் வேண்டாம், நீண்ட நாளுக்கு"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. கேக்கலைன்னா வழக்கமானதைத்தான் போட்டு விடுவாங்க. எங்க மாமியாருக்கு நான் அப்படித்தான் போடுறேன்.

#7 சாக்பீஸ்

1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது கூப்பிடுபவருக்கும் காசு, எடுப்பவருக்கும் காசு. எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் செங்கல் மாதிரி ஒன்று வைத்திருந்தார். மணி அடித்தால் யார் என்று பார்ப்பார், கட் செய்வார், எதிரிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு நடந்துபோய்ப் பேசுவார்.

2003இல்தான் வருகிற அழைப்பு இலவசமானது. சிம்மை வாங்கிப் போட்டுவிட்டால் பத்து ரூபாய் டாப் அப்பில் மாதக்கணக்கில் அழைப்பு வந்துகொண்டிருக்கும். 2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று கொண்டுவந்தார்களே, அன்றைக்கே அது முடிந்தது. நேரடியாக வசூலிக்கவில்லை, அவ்வளவுதான். அழைப்பு வரவேண்டுமென்றால் காசு கட்டு என்றால் அது இன்கமிங்குக்குக் காசு இல்லாமல் வேறென்ன?

#8 சும்மாஇருப்பவன்

சார், 1995ல நிமிஷத்துக்குக் குடுத்த காசுல இப்ப ஒரு நாள் முழுக்கப் பேசலாம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க. டவர் வெக்கிறவன் சும்மா வெப்பானா?

#9 சாக்பீஸ்

பேசுகிறவர்களுக்கு மலிவுதான், மறுக்கவில்லை. மாதத்தில் நான்கு எஸ்எம்எஸ் மட்டும் வாங்குகிற அம்மாவுக்கு எது மலிவு? அவருக்கு அது பேசுகிற கருவியே இல்லை. நாலு அலுவலகங்கள் சேர்ந்து அவர் வீட்டில் வைத்த தபால்பெட்டி, அதற்கு வாடகை அவர் கட்டுகிறார்.

#10 பாளையங்கோட்டையான்

நம்பரை விட்டா என்ன ஆகும்னு நான் சொல்லுதேன். ரீசார்ஜ் போடாம விட்ட நம்பரை முழுசா மூடி 90 நாள் கழிச்சு வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. அப்படி வேற ஒருத்தர் விட்ட நம்பர்தான் மூணு வருசமா என் கையில இருக்கு.

அந்த அண்ணாச்சி யாருன்னே எனக்குத் தெரியாது, ஆனா அவர் குடும்பமே எனக்கு அத்துபடி. எந்தக் கடையில நகை வச்சிருக்காரு, வட்டி எந்தத் தேதி, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் எவ்வளவு பாக்கி, எல்லா மெசேஜும் எனக்குத்தான் வருது. லோன்காரப் பயலுவ காலங்காத்தால ஏழு மணிக்குக் கூப்பிட்டு ஏசுவானுவ. "நான் அவர் இல்லப்பா"ன்னா "எல்லாரும் இப்படித்தான் சார் சொல்லுதாங்க"ங்கான். அவங்க ஊர்க் கோயில் கொடைக்கு வரி கேட்டு வருசா வருசம் போன் வரும். போன தடவை கூப்பிட்டது வயசான மனுசன். "இந்த வருசமும் ஏமாத்திறாதய்யா, சாமி காரியம்"ன்னாரு. விளக்கஞ் சொல்லி அலுத்துப் போயி ஐந்நூறு ரூவா அனுப்பி வச்சுட்டேன். பொங்கச் சோறும் வரல, ஒண்ணும் வரல.

அதனால உங்க அப்பா நம்பரை எல்லா இடத்துலயும் எடுத்த பெறவுதான் விடணும். இல்லேன்னா உங்கம்மா கணக்குல பணம் ஏறுனது எவனோ ஒருத்தன் போன்ல கத்தும். பாஸ்வேர்டு மாத்துற ஓடிபியும் அவனுக்குத்தான் போவும்.

#11 கவுண்டர்_மூன்று

பாளையங்கோட்டையார் சிரிக்க வைத்துவிட்டார், ஆனால் கடைசியில் சொன்னதுதான் எங்களுக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம். கை மாறிய நம்பர்களின் பட்டியலைப் பார்த்து வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்று 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகளுக்கும் யூபிஐ செயலிகளுக்கும் விதி இருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

#12 தேராக்காரன்

துபாயில் தேரா. பதினோரு வருஷம். உங்க கொட்டகை வடக்கு மூலைக்கு எங்க பாடு கொஞ்சமும் குறைஞ்சதில்லை. இந்தியா சிம்முக்கு மாசா மாசம் ரீசார்ஜ் போட்டு இங்க ரெண்டாவது ஸ்லாட்டில் வெச்சிருப்போம், ஓடிபிக்காக மட்டும். சில நாள் உடனே வரும், சில நாள் தூங்கி எழுந்த பிறகு வரும். ஊர்ல வீட்டு லோன் கட்ட ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். பக்கத்துல ஒரு மலையாளி அண்ணனும் அதே மாதிரி நின்னாரு. ரெண்டு பேரும் ஒண்ணும் கேட்டுக்கல.

இங்க வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது, வேற ஆப்தான். அதுல அம்மாவோட முகம் தெரியாது, நெத்தியும் ஃபேனும்தான் தெரியும். அதையும் பார்த்துக்கிட்டு அரை மணி நேரம் பேசுவோம்.

சிம் பத்தி ஒரு எச்சரிக்கை. போன லீவுல டூப்ளிகேட் சிம் வாங்கினேன். புது சிம் போட்டு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகாது, வராது. திருட்டுத்தனமா சிம் மாத்திக் காசு அடிக்கிறதைத் தடுக்க வெச்ச விதி, நல்லதுதான். ஆனா அது தெரியாம அன்னைக்கே பத்திரப் பதிவு வேலை வெச்சுட்டு ஓடிபி வராம தவிச்சேன். மாத்தின ஏழு நாளுக்கு வேற கம்பெனிக்குப் போர்ட் பண்ணவும் முடியாது.

#13 வடவாற்றங்கரையான்

எல்லாருக்கும் நன்றி. சிம்மை வெட்டல. அம்மா பேர்ல மாத்தலாம்னு அந்தக் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். இறப்புச் சான்றிதழ், அம்மா ஆதார், அம்மாவே நேர்ல வரணும்னாங்க. சரி, கூட்டிட்டுப் போறேன்.

ஆதார் நம்பர் மாத்துறது வீட்டுல இருந்தே முடியாதா?

#14 சாக்பீஸ்

அம்மாவுக்கு நேரில் மாற்றுவதுதான் சுலபம். காகிதம் எதுவும் வேண்டாம், ஆதார் நம்பரும் விரலும் போதும். 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். தாலுகா அலுவலக மையத்தில் வரிசையில் நிற்பதைவிடத் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக வீட்டிலேயே மாற்றித் தருகிறார்கள். சாணி தட்டும் கை என்றீர்களே, முதல் நாள் இரவு தேங்காயெண்ணெய் தடவிவிடச் சொல்லுங்கள், காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வைத்தால் ரேகை கொஞ்சம் எடுக்கும். என் மாணவர்களின் தாத்தா பாட்டிகளிடம் பார்த்தது.

#15 வைகைக்கரை

இன்னும் ஒண்ணு, மறந்துடாதீங்க. "உங்க நம்பரை இன்னும் ரெண்டு மணி நேரத்துல கட் பண்ணப் போறோம், டிராய்ல இருந்து பேசுறோம், ஒன்பதை அமுக்குங்க"ன்னு ஒரு திருட்டுக் கால் வரும். நம்பர் போயிடுமோன்னு ஏற்கெனவே பயந்து கிடக்குற அம்மா கண்டிப்பா அமுக்குவாங்க. எங்க சித்தி அமுக்கினாங்க. அப்புறம் "போலீஸ்" வந்துச்சு, "உங்க பேர்ல கேஸ்"னு வந்துச்சு. நல்ல வேளை, சித்திக்கு இந்தி தெரியாது. அவன் மிரட்டினது புரியாம, "ராங் நம்பர் தம்பி"ன்னு வெச்சுட்டாங்க.

டிராய் யார் நம்பரையும் போன் பண்ணி கட் பண்ணாது. காசு போயிட்டா உடனே 1930. விளம்பரத் தொல்லைக்கு 1909. முதல் நம்பரைப் பெரிய எழுத்துல எழுதி அம்மா காலண்டர் பக்கத்துல ஒட்டி வைங்க.

#16 வடவாற்றங்கரையான்

நாலு வாரம் கழிச்சு வர்றேன், நடந்ததைச் சொல்லிடுறேன்.

ஆதார் தபால்காரர் புண்ணியத்துல முடிஞ்சுது. தேங்காயெண்ணெய் வேலை செஞ்சுதோ என்னவோ, நாலாவது விரல்ல எடுத்துச்சு. பேங்க் மேடம் சொன்ன மாதிரியே அம்மா கணக்கு ஒரே நாள்ல. கேஸ் ஏஜென்சியில பேர் மாத்தவே ரெண்டு தடவை அலைஞ்சோம். ஈபி நம்பர் மாத்துறது சுலபம், பேர் மாத்துறது அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். ரேஷன்ல இன்னும் ஆகலை.

ஷோரூம்ல அம்மாவை முக்காலியில உக்கார வெச்சு படம் எடுத்தாங்க. கண்ணைச் சிமிட்டச் சொன்னாங்க. அம்மா சிமிட்டாம முறைச்சே பார்த்தாங்க, மூணு தடவை. "எதுக்குப்பா கண்ணடிக்கச் சொல்றான்?"னு என் காதுல கேட்டாங்க. நாலாவது தடவை சிரிச்சுட்டாங்க, அதுல தானா கண்ணு மூடிடுச்சு, எடுத்துடுச்சு. அப்பா நம்பர் இப்ப அம்மா பேர்ல, சின்ன சிம்மா, என் போன்ல ரெண்டாவது ஸ்லாட்டில் இருக்கு. நீண்ட நாள் பேக், டேட்டா இல்லாதது. வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். ரேஷன் முடிஞ்சதும் விட்டுடலாமான்னு யோசிக்கிறேன். இப்ப அம்மா அரிசி வாங்கினா நான் ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கும்போது டிங்குது.

சாமி அண்ணே, பேட்டரி பம்பரமா சுத்துச்சு. வேற வாங்கிப் போட்டாச்சு. பழைய போன் சிம் இல்லாம கொட்டகையில ஆணியில தொங்குது. பால் கறக்கும்போது டார்ச்சும் எஃப்எம்மும் அதுலதான். ஹெட்போன் வயரை செருகி உத்திரத்துல சுத்தி விட்டா காரைக்கால் சுத்தமா எடுக்குது.

#17 புதுவரவு_2

அண்ணா வணக்கம், இந்த இழைக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். எனக்குப் பேசுறவங்க குரல் ரொம்பச் சின்னதா கேக்குது. ஸ்பீக்கர்ல போட்டா நல்லாக் கேக்குது. ஒரு கடையில டிஸ்ப்ளே காம்போவே மாத்தணும், மூவாயிரம் ஆகும்னு சொல்றாங்க. உண்மையா?

#18 சால்டரிங்சாமி

காம்போவெல்லாம் வேண்டாமுங்க. மேல காது வெக்கிற இடத்துல தலைமுடியாட்ட ஒரு கோடு இருக்கும் பாருங்க, அதுல இருக்கற சல்லடை வலைதான் ஜாலி. பவுடரும் வேர்வையும் சேர்ந்து அடைச்சிருக்கும். பழைய டூத் பிரஷ், நல்லாக் காஞ்சது, தண்ணி தொடாம, போனைத் தலைகீழா புடிச்சுட்டு மெதுவா இருவது தடவை தேய்ங்க. ஊசி உட்டுக் குத்தீராதீங்க, ஜாலி கிழிஞ்சா அப்பறம் நெசமாலுமே செலவு. தேய்ச்சுப் பாத்துட்டு கேக்குதான்னு வந்து சொல்லுங்க.